ஏழு நாள் ஓய்வு

"ஒரு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. 5 கிலோவுக்கு மேல் எதையும் தொடவே வேண்டாம்."

வைத்தியசாலையிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சொன்ன வார்த்தைகள் இவை. "சரி டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சமூக சேவையாளராக வேலை செய்யத் தொடங்கிய நாள் முதல் இதே வார்த்தைகளை எத்தனையோ பெண்களுக்கு நான் விளங்கப்படுத்தியிருக்கிறேன். அவர்களும் என்னைப் போலவே தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்பதை நான் படுக்கையில் விழுந்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. காலையில் எழும்பும்போதே நாள் முழுவதும் வெங்காயத் தோட்டத்தில் நின்றவள் போல அலுப்பாக இருக்கும். பசியில்லை, மூட்டுகளில் உளைவு. கற்பிட்டிக் குடாநாட்டின் கிராமங்களுக்கு வெயிலில் அலைவதால்தான் இந்தக் களைப்பு என்று நினைத்தேன். வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்! ஒருநாள் உம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகள், உன்ட கண் மஞ்சளிச்சிருக்கு" என்றா. புத்தளத்தில் இரத்தம் சோதித்தோம். ஈரலில் அழற்சி இருப்பதாக முடிவு வந்தது. ஈரலைத் தாக்கும் பி, சி வைரஸ்கள் இல்லை. ஸ்கேனில் கல்லும் இல்லை. காரணத்தை அறிய வேண்டுமானால் ஈரலில் 'பயொப்ஸி' செய்ய வேண்டும் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள்.

பயொப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. அது புற்றுநோய்க்கு மட்டும் செய்வது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், உடலின் ஓர் உறுப்பிலிருந்து சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் பயொப்ஸி. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லாததை அந்தத் துண்டு சொல்லும். எந்த நோய், எவ்வளவு காலமாக இருக்கிறது, ஈரலில் எவ்வளவு தழும்பு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

அயலில் வேறு கதையும் கிளம்பியது. "குடிக்காத பொம்பிளைக்கு ஈரல்ல என்ன வருத்தம்?" என்று ஒருவர் கேட்டாராம். ஈரல் நோய் என்றால் குடிதான் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மதுவை மோந்துகூடப் பாராதவர்களுக்கும் ஈரல் நோய் வரும். ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவால் உண்டாகாத கொழுப்பு ஈரல் இருப்பது தெரியவந்தது. வைரஸாலும் வரும், சில மருந்துகளாலும் வரும், பரம்பரையாகவும் வரும். இந்த விடயம் தெரியாததால் எத்தனை பெண்கள் கிளினிக்குப் போகவே வெட்கப்படுகிறார்கள்!

கொழும்பு எங்களுக்கு 140 கிலோமீற்றர் தூரம். முதல்நாளே விடுதியில் அனுமதித்தார்கள். இரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்த்தார்கள். அஸ்பிரின் போன்ற குளிசைகள் பாவிக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டார்கள். தமிழ் ஓரளவு தெரிந்த தாதி ஒருவர் என் கட்டிலில் இருந்து சம்மதப் படிவத்தை வரிவரியாக விளங்கப்படுத்தினார். "இரத்தம் கசியலாம் என்று போட்டிருக்கு. பெரிய கசிவு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் சொல்ல வேண்டியது எங்கட கடமை" என்றார். சொல்லாமல் மறைத்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

மறுநாள் காலை மல்லாந்து படுக்கவைத்து, வலக்கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். ஸ்கேனில் பார்த்து, வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையில் இடம் குறித்தார்கள். விறைப்பு ஊசி சற்று எரிந்தது. "மூச்சை வெளியில விடுங்க, அப்படியே பிடிங்க" என்றார் டொக்டர். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ விரலால் பலமாகக் குத்தியது போல இருந்தது. அவ்வளவுதான். சின்னப் போத்தலுக்குள் நூல் துண்டு போல, 2 சென்ரிமீற்றர்கூட இல்லாத என் ஈரலின் துண்டு மிதந்தது. முழு ஈரலோடு பார்த்தால் அது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்றார்கள்.

கஷ்டம் ஊசியில் இல்லை. அதற்குப் பின்னான படுக்கையில்தான் இருந்தது.

குத்திய இடம் அமுங்கியிருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மணித்தியாலம் வலப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். பிறகு நாலு மணித்தியாலம் எழும்பாமல் கிடக்க வேண்டும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். ஈரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. உள்ளே கசிந்தால் வெளியில் தெரியாது. நாடி வேகமாவதும் அழுத்தம் குறைவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிக்கல் வருவதானால் பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களில்தான் வரும். அரிதாகச் சில நாட்கள் கழித்தும் வரலாம்.

சற்று நேரத்தில் வலது தோளில் வலி எழுந்தது. குத்தியது விலாவில், வலிப்பது தோளிலா என்று பயந்து தாதியைக் கூப்பிட்டேன். ஈரலுக்கு மேலேயிருக்கும் பிரிமென்றகட்டின் நரம்பும் தோளுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால், அங்கே உறுத்தினால் இங்கே வலிக்கும் என்றார். பலருக்கும் இப்படி வருமாம். பனடோல் தந்தார். மாலையில் வலி அடங்கியது.

அன்றிரவு விடுதியிலும், அடுத்த இரண்டு இரவுகள் தெமட்டகொடையில் சாச்சி வீட்டிலும் தங்கினேன். உடனே தூரப் பயணம் வேண்டாம், அவசரமென்றால் வைத்தியசாலை கிட்ட இருக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் தம்பி வான் பிடித்து வந்து ஊருக்குக் கூட்டிப் போனான்.

வீட்டுக்கு வந்ததும்தான் அந்த 5 கிலோவின் பாரம் புரிந்தது.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எங்கள் வீட்டுக் குடம் பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான். குடிதண்ணீருக்குத் தெருமுனைக் குழாயடிக்குப் போக வேண்டும். என் மகளுக்கு நாலு வயது, நிறை 14 கிலோ. வாசலுக்கு வந்ததும் "உம்மா, தூக்குங்க" என்று இரு கையையும் நீட்டினாள். நனைந்த போர்வை, அரிசி மூடை, சோற்றுப் பானை, கிணற்று வாளி என்று பார்த்தால், விடிந்தது முதல் படுக்கும்வரை 5 கிலோவுக்குக் குறைவாக நான் தூக்கும் பொருள் எதுவென்றே தெரியவில்லை. கணவர் கட்டாரில். அவர் அனுப்பும் பணம் வரும், ஆனால் பணம் குழாயடிக்குப் போகாதே!

உம்மா குடத்தை என் கையிலிருந்து பறித்தா. அன்றிரவு பக்கத்தில் வந்திருந்து ஒரு கதை சொன்னா. எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதற்குள் இருந்த ஒரு விடயம் எனக்குத் தெரியாது.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான் வந்தது. எனக்கு மூன்று வயது. தம்பி பிறந்து அப்போது பன்னிரண்டு நாள் என்பதை அன்றுதான் உம்மா எண்ணிச் சொன்னா.

"ஒரு கையில நீ, மற்றக் கையில அவன், தலையில சாமான். கரையில இறங்கி அடுத்த நாளே தண்ணிக்கு வரிசையில நின்டேன். பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாள் எண்டு சொல்லுவாங்க. எனக்குப் பன்னிரண்டு நாளோட முடிஞ்சது. இடுப்பு நோவு அண்டைக்கு வந்தது, இன்னும் போகல்ல. நீ இந்த ஏழு நாளும் எழும்பப்படாது."

முப்பத்து மூன்று வருடமாக உம்மா இடுப்பில் கைவைத்து நடப்பதைப் பார்த்து வருகிறேன். வயது போனதால் என்று நினைத்திருந்தேன். நம் சமூகங்களில் பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் ஓய்வு உண்டு. அதுவும் வீடும் ஊரும் நிலையாக இருந்தால்தான். போரில் இடம்பெயர்ந்த பெண்கள் அந்த ஒன்றையும் இழந்தார்கள். இழந்த காணிக்கும் வீட்டுக்கும் படிவங்கள் நிரப்பியிருக்கிறோம். இழந்த ஓய்வை எந்தப் படிவத்திலும் நாம் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் வயிற்றில் கொளுவிப் பிடிப்பது போல ஒரு வலி. பயந்துவிட்டேன். வைத்தியசாலையில் தந்த துண்டை உம்மாவிடம் காட்டி வாசித்தேன். தாங்க முடியாத வயிற்று வலி, தலைசுற்று, மயக்கம், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், காய்ச்சல், கறுப்பாக மலம் போதல், மஞ்சள் கூடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். துண்டின் அடியில் சுவசெரிய இலவச அம்புலன்ஸின் இலக்கத்தைச் சாச்சி எழுதிவிட்டிருந்தா. 1990. உம்மா அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "இந்த இலக்கத்தில நல்லதும் வருமா?" என்று கேட்டா. நாடியைப் பிடித்து எண்ணினேன், சாதாரணமாக இருந்தது. அரை மணித்தியாலத்தில் வலி போய்விட்டது, வெறும் வாயு. அம்புலன்ஸ் தேவைப்படவில்லை. ஆனால் அந்த இலக்கத்தை உம்மா இப்போது மனப்பாடமாக வைத்திருக்கிறா.

ஆறாம் நாள் உம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டு வந்தா. மஞ்சள் காமாலைக்கு நம் ஊர்களில் காலங்காலமாகக் கொடுப்பதுதான். இதை வைத்து ஆய்வும் நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், ஈரலைத் தாக்கும் பி வைரஸ் உள்ளவர்களுக்கு இந்த இனப் பூண்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டதாக 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கோ அந்த வைரஸே இல்லை. முடிவு வரும்வரை எதையும் குடிக்க வேண்டாம், சில மூலிகைகளும் ஈரலைப் பாதிக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உம்மாவின் மனம் நோகாமல் அதை விளங்கப்படுத்தினேன். அவ அதை வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு, "சரி, அந்த டொக்டரையே கேட்போம்" என்றா.

ஏழு நாளும் தண்ணீர் அள்ளியது உம்மாவும் தம்பியின் மனைவியும். முப்பத்து மூன்று வருட நோவோடு உம்மா குடத்தைத் தூக்கும்போது நான் படுக்கையில் கிடந்து பார்த்தேன். அந்த நாட்களில்தான் நான் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

2019இல் எங்கள் வேலைப் பிரதேசத்தில் ஒரு தாய்க்குக் கர்ப்பப்பை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. போரில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை நான்தான் அவருக்குத் திரும்பவும் விளங்கப்படுத்தினேன். பதினைந்தாம் நாள் அவர் தண்ணீர் தூக்கினார், காயம் விட்டுப்போனது. திரும்பவும் வைத்தியசாலை. அவருடைய கோவையில் நான் இப்படி எழுதினேன்: "வைத்திய ஆலோசனையைப் பின்பற்றவில்லை. ஒத்துழைப்புப் போதாது." அந்த வருடம் சுயதொழில் உதவிக்குப் பெயர்களைத் தெரிவுசெய்தபோது அந்த வரியைப் பார்த்துவிட்டு, அவரை விட்டு அடுத்தவரை எடுத்தார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. பேராதனையில் சமூகவியல் படித்தவள் நான். தனிமனிதரின் நடத்தைக்குப் பின்னால் சமூகக் காரணங்கள் உண்டு என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கோவையில் எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை.

பதினைந்தாம் நாள், நடமாடத் தொடங்கியதும் அவரைத் தேடிப் போனேன். முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். என் உடம்பைப் பற்றி விசாரித்தார். எல்லாம் சொன்னேன். கடைசியில் அந்த வரியைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தெரியும் மிஸ். அப்பவே ஒருத்தர் சொன்னவ" என்றார். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏழு நாளும் உங்களுக்கு ஆர் தண்ணி அள்ளினது?"

"உம்மாவும் தம்பிட மனிசியும்."

"எனக்கு ஆருமில்ல மிஸ். அதான்."

வேறெதுவும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிளேன்டீ தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று கிழமையில் பயொப்ஸி முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே என் ஈரலைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறதாம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. தழும்பு அதிகமில்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். பிரெட்னிசலோனும் பிறகு அசதியோபிரினும் தொடங்கினார்கள். முகம் ஊதியது. சீனி கூடுகிறதா என்று அடிக்கடி பார்க்கிறார்கள். குளிசையை நானாக நிறுத்தக் கூடாது. இரத்தச் சோதனையில் அழற்சி இப்போது அடங்கியிருக்கிறது. பல வருடங்கள் குளிசை எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சிகிச்சையின் பின்னால் ஒரு பெண் இருப்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். ஷீலா ஷெர்லொக் என்ற ஆங்கிலேய வைத்தியர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் ஈரல் அழற்சி நோயாளரிடம் ஊசியால் இழையம் எடுத்து ஆராய்ந்த குழுவில் இருந்தவர். 1959இல் பிரித்தானியாவின் முதலாவது பெண் மருத்துவப் பேராசிரியரானார். இந்த வகை நோய்க்குப் பிரெட்னிசலோன் கொடுத்தால் உயிர் பிழைப்போர் தொகை கூடும் என்பதை அவரும் சகாக்களும் 1971இல் ஆய்வின் மூலம் காட்டினார்கள். காலையில் குளிசையை வாயில் போடும்போது சில நாட்களில் அவரை நினைத்துக்கொள்வேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கோவையை எடுத்தேன். எழுதியதை வெட்டவில்லை. அதன் கீழே திகதியிட்டு, "ஓய்வெடுக்க உதவியாளர் எவரும் இருக்கவில்லை. இதை நான் விசாரிக்காமல் எழுதியது தவறு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த தெரிவில் அவருடைய பெயர் வந்தது. ஆனாலும் நாலு வருடம் போய்விட்டது. அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

எங்கள் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. வைத்தியசாலையிலிருந்து வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்கிறோம்: "தண்ணீர், விறகு, பிள்ளை, சமையல். இந்த நாட்களில் இவற்றை யார் பார்ப்பார்?" "ஆருமில்லை" என்று பதில் வந்தால், அந்தக் கிராமத்தின் மாதர் சங்கத்தில் பேசி, ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைக்கிறோம். இரண்டு குடம் தண்ணீரும் ஒருவேளைச் சோறும்தான். எல்லா இடத்திலும் இது சரிவரவில்லை. சில ஊர்களில் பழைய கோபதாபங்கள் குறுக்கே நிற்கின்றன. சரிவந்த இடங்களில் காயங்கள் ஒழுங்காக ஆறுகின்றன.

சகோதரிகளே, பயொப்ஸியோ வேறு சிகிச்சையோ செய்யச் சொன்னால் பயந்து ஒளியாதீர்கள். பாவிக்கும் குளிசைகளையும் மூலிகைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பனடோலைக்கூடச் சொன்ன அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். ஓய்வெடுக்கச் சொன்னால், எத்தனை நாள், எத்தனை கிலோ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஓய்வு சோம்பலல்ல, அதுவும் மருந்துதான்.

உங்கள் தெருவில் ஒரு பெண் வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்தால், "என்ன வருத்தம்?" என்று கேட்பதற்கு முன் அவருடைய குடத்தைக் கேட்டு வாங்குங்கள்.